மெருகின் வரலாறு: பூச்சின்மேல் பூச்சு

சென்ற மாதம் ஒருநாள் மாலை, பள்ளி விட்டபின், இளம் ஆசிரியர் ஒருவர் என் அறைக்கு வந்தார். அண்மையில் கார் வாங்கியவர். கையிலிருந்த பையிலிருந்து மூன்று புட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று மெழுகு, மற்றொன்று பாலிமர் காப்புப் பூச்சு, மூன்றாவது செராமிக் பூச்சு. “ஐயா, இம்மூன்றில் எதை முதலில் பூசுவது? எதன்மேல் எதைப் பூசுவது? மூன்றையும் பூசினால் மும்மடங்கு பாதுகாப்பு உண்டா?” என்று கேட்டார்.

கேள்வி சிறியது, அதற்கு விடையும் ஒரு வரியில் அடங்கும். ஆனால் விடையைச் சொன்னவுடன், “ஏன் அப்படி?” என்று அவர் மீண்டும் கேட்டார். நல்லாசிரியர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்குரிய விடை புட்டியின்மேல் அச்சிடப்படவில்லை. அது சில ஆயிரம் ஆண்டுக் கைத்தொழில் வரலாற்றில் கிடக்கிறது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுத முற்படுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ‘போலிஷ்’ என்னும் ஒரே சொல்லைக் கடைத்தெருவில் இரண்டு வேலைகளுக்கு வழங்குகிறார்கள். மேற்பரப்பைத் தேய்த்து அழுக்கையும் கீறலையும் போக்குவது ஒரு வேலை. தேய்த்த பரப்பின்மேல் ஒன்றைத் தடவிக் காப்பது மற்றொரு வேலை. முன்னது எடுப்பது, பின்னது சேர்ப்பது. தமிழில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பாத்திரத்தைத் துலக்குகிறோம், தரையை மெழுகுகிறோம். துலக்குவது எடுத்தல், மெழுகுவது பூசுதல். தேன்கூட்டிலிருந்து கிடைக்கும் பொருளுக்கும் ‘மெழுகு’ என்றே பெயர். நம் பாட்டிமார் தரையைப் பெருக்காமல் மெழுகியதில்லை; மெழுகாமல் கோலம் இட்டதில்லை. அந்த வரிசையை மனத்திற் கொண்டால் இக்கட்டுரையின் பாதி விளங்கிவிடும்.

அரக்கும் குங்கிலியமும்

பொருளின் மேற்பரப்பைப் பூச்சினால் காக்கும் கலையில் கீழ்நாட்டவரே முன்னோடிகள். சீன நாட்டின் ஹெமுடு என்னும் இடத்தில் தோண்டியெடுத்த செந்நிற மரக்கிண்ணம் 6,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதன்மேல் பூசப்பட்டிருந்தது அரக்குமரத்தின் பால். அம்மரத்தைக் கீறி வடித்த பாலைச் சீனரும் சப்பானியரும் மெல்லியதாகப் பூசி, ஈரப்பதம் மிகுந்த அறையில் வைப்பார்கள். வண்ணம் உலர வெயில் வேண்டும் என்பது நம் எண்ணம். இந்தப் பாலோ காற்றில் ஈரம் இருந்தால்தான் இறுகும். அதிலுள்ள நொதி ஒன்று ஈரத்தின் துணையோடு வேலை செய்து, பாலைக் கரையாத கடினப் படலமாக மாற்றிவிடுகிறது. ஒரு பூச்சு முற்றும் இறுகியபின், அதை மெல்லத் தேய்த்து, அடுத்த பூச்சு. இவ்வாறு பல பத்துப் பூச்சுகள், சில வேளை நூறுக்கும் மேற்பட்ட பூச்சுகள் ஏற்றி, அந்தக் கனத்திலேயே பூவும் கொடியும் செதுக்கினார்கள் சீனக் கலைஞர்கள்.

ஐரோப்பியர் இதற்கு இட்ட பெயர் ‘லாக்கர்’. பெயரின் மூலம் சீனத்தில் இல்லை, இந்தியாவில் இருக்கிறது. மரக்கிளையில் மொய்க்கும் சிறு பூச்சியினம் சுரக்கும் அரக்கை வடமொழியில் ‘லாக்ஷா’ என்பர். பாரதக் கதையில் பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகை அந்த அரக்கினால் ஆனதே. அச்சொல் பாரசீகம், அரபு, போர்த்துகீசியம் வழியாக மேலைநாடு சென்று லாக்கர் ஆயிற்று. இந்தியப் பூச்சியின் அரக்குக்கு உரிய பெயரைச் சீன மரத்தின் பால் ஏற்றுக்கொண்டது. பின்னர் தொழிற்சாலையில் பிறந்த வண்ணங்களுக்கும் அப்பெயரே நிலைத்தது.

பூச்சியின் அரக்குக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது சாராயத்தில் கரையும். ஒரு பூச்சு காய்ந்தபின் அதன்மேல் அடுத்த பூச்சைத் தடவினால், புதுப் பூச்சிலுள்ள சாராயம் பழைய பூச்சின் மேற்பரப்பைச் சற்றே இளக்கிவிடும், இரண்டும் ஒன்றாகிவிடும். எத்தனை முறை பூசினாலும் முடிவில் இருப்பது ஒரே படலம். மரச்சாமான்களுக்கு இடும் ‘பிரெஞ்சு போலிஷ்’ இம்முறையில் அமைந்ததே.

மூன்றாவது பொருள் நம் அருகிலேயே இருந்தது. மலேசியக் காடுகளில் செங்கால், மெராந்தி முதலிய மரங்கள் வடிக்கும் பிசினை மலாய் மக்கள் ‘டாமார்’ என்பர். பந்தம் கொளுத்தவும் படகின் இடுக்குகளை அடைக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். மலாய்ச் சொல்லே ஆங்கிலத்திலும் புகுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வழியே டாமார் மேலைநாட்டு வார்னிஷ் உலைகளுக்குச் சென்றது. நாம் குங்கிலியம் என்று வழங்குவதும் இம்மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்த பிசினே. சாமிமலைச் சிற்பிகள் படிமம் வார்ப்பதற்குத் தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்துப் பதப்படுத்துவார்கள். மெழுகு மட்டும் போதிய உறுதி தராது, பிசின் சேர்ந்தால் உருவம் நிலைக்கும். மெழுகின் மென்மையைப் பிசினின் கடினத்தால் திருத்தும் இந்த அறிவு பின்னர் மோட்டார் மெழுகிலும் தலைகாட்டும்.

குதிரை வண்டிச் சாலையில்

மோட்டார் வண்டி பிறக்கும் முன் மெருகின் உச்சத்தைக் கண்டவர்கள் குதிரை வண்டி கட்டியவர்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் மார்ட்டின் சகோதரர்கள் கீழ்நாட்டு லாக்கரைப் பார்த்துத் தாமே ஒரு வார்னிஷ் முறையை உருவாக்கிப் புகழ்பெற்றனர். செல்வர்களின் வண்டிகளும் அம்மெருகைப் பெற்றன. இலண்டன் மாநகரில் லாங் ஏக்கர் என்னும் தெரு வண்டி கட்டுவோரின் தெருவாக விளங்கியது.

அக்காலத்து வண்டி வண்ணவேலை ஒரு தவம் எனலாம். முதலில் ஈயவெள்ளையும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த அடிப்பூச்சு. அது மரத்தின் துளைகளில் ஊறிப் பிடிக்கும். அதன்மேல் மேடுபள்ளம் நிரப்பும் கனமான பூச்சுகள் பல. பின்னர் வேறுநிறச் சாயம் ஒன்றை மெல்லத் தடவி, நுரைக்கல்லும் நீரும் கொண்டு தேய்ப்பார்கள். மேட்டில் சாயம் போகும், பள்ளத்தில் நிற்கும். எல்லா இடத்திலும் சாயம் மறையும்வரை தேய்த்தால் பரப்பு சமமாயிற்று என்று பொருள். இன்றைய பட்டறைகளிலும் இந்த உத்தி உண்டு. அதன்பிறகே நிறப்பூச்சு, அதன்மேல் வார்னிஷ் பூச்சுகள். வார்னிஷ் அறையில் தூசி எழாமலிருக்கத் தரையை நனைத்து வைப்பார்கள். உயர்தர வண்டி ஒன்றுக்கு எல்லாம் சேர்ந்து பதினைந்து இருபது பூச்சுகள் ஆகும். வேலை வாரக்கணக்கில் நீளும்.

எண்ணெய் வார்னிஷ் ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் கரையாது. ஆகவே அடுத்த பூச்சு அதில் ஊறி ஒன்றாக முடியாது. பளபளக்கும் பரப்பில் அது வழுக்கி நிற்கும், நாளடைவில் உரியும். அதனால்தான் ஒவ்வொரு பூச்சையும் தேய்த்து மங்கச் செய்தபின் அடுத்ததை இட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்களே பிடிமானம் தந்தன. பளபளப்பை அழித்தால்தான் அடுத்த பளபளப்பு நிற்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

அம்மெருகுக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈயவெள்ளையைக் குழைத்தவர்களும், காய்ந்த பூச்சைத் தேய்த்தவர்களும் ஈய நஞ்சுக்கு ஆளானார்கள். வயிற்று வலியும் மணிக்கட்டு விழுதலும் வண்ணவேலையாளின் நோய்கள் என்றே மருத்துவர்கள் அறிந்திருந்தனர். 1921-ஆம் ஆண்டில்தான் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம், கட்டடங்களின் உட்புற வண்ணவேலைகளில் ஈயவெள்ளையைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை ஏற்றது.

கறுப்பும், அதன்பின் வந்த நீலமும்

1913-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு தம் தொழிற்சாலையில் நகரும் கோவைமுறையை அமைத்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. இரும்பு வேலை மணிக்கணக்கில் முடிய, வண்ணவேலை வாரக்கணக்கில் காத்துக் கிடக்கலாமா? தொடக்கத்தில் சிவப்பு, பச்சை, சாம்பல் எனப் பல நிறங்களில் வந்த மாடல் டி வண்டி, 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. சப்பானிய லாக்கரைப் பார்த்து ஐரோப்பியர் ஆக்கிய ‘ஜப்பான் கறுப்பு’ அதில் பங்கு பெற்றது. நிலக்கீலையும் எண்ணெயையும் சேர்த்துப் பூசிச் சூளையில் சுட்டு இறுக்கும் பூச்சு அது. உறுதியும் மலிவும் உண்டு. மூலப்பொருளே கறுப்பாகையால் வேறு நிறத்துக்கு வழியில்லை.

இந்தத் தடையை உடைத்தது போர்க்களத்துப் பொருள். 1846-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்னும் வேதியலறிஞர் பஞ்சை அமிலத்தில் தோய்த்து வெடிபஞ்சு கண்டார். முதல் உலகப்போரில் டூபான்ட் நிறுவனம் அவ்வகை வெடிமருந்தை மலைமலையாகச் செய்தது. போர் முடிந்தபின், அதே நைட்ரோசெல்லுலோசைக் கரைப்பானில் கரைத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களோடு சேர்ந்து ‘டூக்கோ’ என்னும் லாக்கரை ஆக்கியது. 1923-இல் வெளிவந்த 1924-ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்ட் கார், டூக்கோவின் நீலநிறத்தோடு தெருவுக்கு வந்தது. வாரக்கணக்கில் காய்ந்தது மணிக்கணக்கில் காய்ந்தது. நிறங்களும் பெருகின.

டூக்கோ, பூச்சியரக்கின் குணத்தை உடையது. புதுப் பூச்சின் கரைப்பான் பழைய பூச்சை இளக்கி ஒன்றாக்கிவிடும். ஆகவே பூச்சின்மேல் பூச்சு ஏற்றுவது எளிதாயிற்று. ஆனால் அதற்கொரு குறையும் இருந்தது. தெளித்தவுடன் பளபளப்பு வராது. தேய்த்துத்தான் மெருகேற்ற வேண்டும். வெயிலில் நாளடைவில் அதன் மேற்பரப்பு மடிந்து வெண்பொடியாகும். அந்தப் பொடியைத் துலக்கி எடுத்து, மெழுகு பூசிக் காப்பது வண்டிக்காரரின் கடமையாயிற்று. பட்டறையில் முடிய வேண்டிய மெருகுவேலை வீட்டு முற்றத்துக்கு வந்தது இவ்வாறுதான். சிகாகோ நகரில் தோன்றிய ‘சைமனைஸ்’ மெழுகு எத்துணைப் புகழ் பெற்றதெனில், வண்டியை மெருகிடுவதற்கே அப்பெயர் வினைச்சொல்லாகி அமெரிக்க அகராதிகளில் இடம்பெற்றது.

பிரேசில் நாட்டுப் பனை

இம்மெழுகுகளுக்குக் கடினம் தந்தது எது? பிரேசிலின் வடகிழக்கில், சியரா, பியாவி முதலிய வறண்ட மாநிலங்களில் வளரும் கார்னோபா என்னும் மரம். அது நம் பனையைப் போன்றே விசிறி ஓலை விரிக்கும் பனையினம். கடும் வறட்சியில் நீர் ஆவியாகாமலிருக்க அதன் ஓலைமேல் மெழுகு படிகிறது. ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். ஓர் ஓலையில் கிடைப்பது சில கிராமே.

தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியசில் உருகும். கார்னோபா 82 பாகைக்கு மேலேதான் உருகும். நம் நாட்டு வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் கூரை 70 பாகையைத் தாண்டக் கூடும் என்பதை நோக்கினால் இவ்வேற்றுமையின் பயன் விளங்கும். ஆயினும் தனிக் கார்னோபா கல்போல் கடினமானது. கையால் தடவ இயலாது. ஆகவே மென்மெழுகுகளையும் கரைப்பான்களையும் சேர்த்தே புட்டியில் அடைக்கிறார்கள். ‘முழுக் கார்னோபா’ என்னும் விளம்பரத்தைப் படிக்கும்போது இதனை நினைவிற் கொள்க. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்க மெழுகு நிறுவனத் தலைவர் எச். எஃப். ஜான்சன், நீரிலும் நிலத்திலும் இறங்கும் சிறு விமானத்தில் பிரேசிலுக்கே பறந்து சென்று இப்பனைகளை ஆராய்ந்தார் என்றால் இதன் வாணிக மதிப்பை உணரலாம்.

அந்த மதிப்பு ஓலை வெட்டுவோரை எட்டியதா? 2017-ஆம் ஆண்டில் செருமானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, கார்னோபாத் தோப்புகளில் தொழிலாளர் திறந்த வெளியில் உறங்குவதையும், தூய குடிநீர் இன்றி உழைப்பதையும் காட்டியது. அடிமைநிலைக்கு ஒப்பான நிலையில் இருந்தவர்களைப் பிரேசில் அரசின் தொழில் ஆய்வாளர்களே மீட்டுள்ளனர். விடியலுக்கு முன் எழுந்து பால் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பள்ளியில் இருப்பவன் நான். ஒரு மரத்தின் சுரப்பைத் தொலைநாட்டு வண்டிக்காக எடுக்கும் கைகளின் கதை நமக்குப் புதிதன்று. ஞாயிற்றுக்கிழமை மெழுகுப் புட்டியைத் திறக்கும்போது அந்தக் கைகளை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது தகும்.

தெளிபூச்சும் என் தவறும்

1930-களில் சூளையில் சுட்டு இறுக்கும் எனாமல்கள் பெருகின. 1960-களில், வண்டிக்கூட்டை வண்ணத்தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தால் அடிப்பூச்சைப் படியவைக்கும் முறையை ஃபோர்டு நிறுவனம் நடைமுறைக்குக் கொணர்ந்தது. 1980-களில், நிறத்தை ஒரு பூச்சாகவும், நிறமற்ற தெளிபூச்சை அதன் மேலாகவும் இடும் முறை பரவலாயிற்று. இன்றைய காரில் அடிப்பூச்சு துருவைத் தடுக்கும், இடைப்பூச்சு சமப்படுத்தும், நிறப்பூச்சு அழகு தரும், தெளிபூச்சு வெயிலையும் மழையையும் தாங்கும். குதிரை வண்டிச் சாலையின் அதே நான்கு கடமைகள். ஆனால் எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் கனமே. அதிலும் தெளிபூச்சு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. பட்டறைகளில் தெளிபூச்சை இறுக்கச் சேர்க்கும் ஐசோசயனேட் என்னும் பொருள், தக்க முகக்காப்பு இல்லாதவருக்கு ஆஸ்துமாவைத் தரும். ஈயவெள்ளை போனது, கவலை போகவில்லை.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்வது பொருந்தும். பல ஆண்டுகளுக்கு முன் பழைய கார் ஒன்று வைத்திருந்தேன். நன்றாக மெழுகு பூசிய மறுவாரம், பாலிமர் காப்புப் பூச்சு ஒன்றை வாங்கி அதன்மேலேயே பூசினேன். மழையில் சில இடங்களில் நீர் முத்தாக உருண்டது. சில இடங்களில் தட்டையாகப் படர்ந்தது. பூச்சு போதவில்லை என்று கருதி மேலும் இருமுறை பூசினேன். திட்டுத் திட்டாக எண்ணெய்ப் படலம் தெரிந்தது. அதை நீக்கத் தேய்ப்புப் பசையால் அழுத்தித் துலக்கினேன். மறுபடி மெழுகு, மறுபடி துலக்கல். ஓராண்டில் முன்மூடியின் விளிம்பில் வெண்திட்டு ஒன்று தோன்றியது. நான் அழுக்கென்று எண்ணித் தேய்த்தது தெளிபூச்சையே. போன பூச்சு திரும்பி வராது. காரணம் கடைக்காரரும் அல்லர், புட்டியும் அன்று. எடுப்பதற்கும் சேர்ப்பதற்கும் வேற்றுமை அறியாத என் கையே.

டூக்கோ காலத்தில் கனமான பூச்சு இருந்தது. பொடிந்த மேற்பரப்பை நீக்கத் துலக்குதல் வேண்டியிருந்தது. துலக்கிய துணியில் வண்டியின் நிறமே ஏறும். தெளிபூச்சு வண்டியில் துணியில் நிறம் ஏறாது. ஆகையால் குறைவது கண்ணுக்குத் தெரியாது. கடும் துலக்கல் ஒன்று சில மைக்ரானை எடுத்துவிடும். அப்பாவின் காலத்துப் பழக்கத்தை மகனின் வண்டியில் காட்டினால் நேரும் கேடு இதுவே.

செராமிக் என்னும் புதுப்பெயர்

1940-களில் சிலிகோன்கள் வாணிகத்துக்கு வந்தன. பின்னர் மெருகுநீர்களில் சேர்ந்தன. தடவுவதும் துடைப்பதும் எளிதாயின. ஆனால் சிலிகோன் படிந்த இடத்தில் மறுவண்ணம் தெளித்தால் வண்ணம் விலகி மீன்கண் போன்ற குழிகள் விழும்; பட்டறைக்காரர்கள் இன்றும் இதற்கு அஞ்சுவர். 1938-இல் கண்டறியப்பட்ட தெஃப்லானின் பெயரைச் சில புட்டிகள் தாங்கி வந்தன. தெஃப்லான் படலமாக உருகிப் பிடிக்க 300 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் கார் என்ன ஆகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது பேசப்படுவது செராமிக். இதன் அடிப்படை மணலின் கூறாகிய சிலிக்கா. ஷோன்பைன் வெடிபஞ்சு கண்ட அதே 1846-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு எபெல்மன், சிலிக்காச் சேர்மம் ஒன்றை ஈரக்காற்றில் விட்டுவைத்தால் அது கண்ணாடி போல் இறுகுவதைக் கண்டார். இன்றைய செராமிக் பூச்சுகளும் அவ்வாறே காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுகின்றன. சீனரின் அரக்கும் ஈரத்தில்தான் இறுகியது என்பதை இங்கே நினைவுகூர்க. அதனால் நம் நாட்டில் இப்பூச்சு விரைந்து இறுகும். சிறு சிறு பகுதியாகப் பூசி உடனுக்குடன் துடைக்காவிட்டால் திட்டுகள் நிலைத்துவிடும்.

‘9எச் கடினம்’ என்று புட்டியில் இருக்கும். மாணவர்க்குக் கனிமங்களின் மோஸ் அளவையைக் கற்பிக்கும் நாம், வைரத்துக்கு அடுத்த கடினம் என்று மயங்கிவிடக் கூடாது. இது பென்சில் அளவை. 9எச் பென்சில் கீறவில்லை என்பதே பொருள், மணல் கீறும். பூச்சின் கனமும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரானே.

தாமரை இலைத் தண்ணீர் போல் நீர் உருள்வதைக் கண்டு மகிழ்கிறோம். செருமானிய அறிஞர் பார்த்லாட், 1997-இல் நைன்ஹுயிசு என்பவரோடு வெளியிட்ட ஆய்வில், தாமரை இலையின் தூய்மைக்குக் காரணம் மெழுகு மட்டுமன்று, அதன் நுண்மேடுகளும்தான் என்று விளக்கினார். கார்ப் பூச்சு வழவழப்பானது, நுண்மேடு அற்றது. ஆகவே முத்துகள் அங்கேயே நின்று வெயிலில் காய்ந்தால், நீரிலுள்ள உப்பு வட்டமாகப் படியும். நீர் உருள்வது ஓர் அடையாளமே; அதுவே காப்பு ஆகிவிடாது. கழுவியபின் துடைத்தாக வேண்டும்.

முடிந்த முடிபு

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்தால், பூச்சு பூச்சைப் பற்றும் வழிகள் மூன்று எனத் தெரியும். ஒன்று, கரைந்து ஒன்றாதல். அரக்கும் டூக்கோவும் இவ்வகை. இரண்டு, நுண்கீறலில் பிடித்தல். வண்டி வார்னிஷ் இவ்வகை. மூன்று, வேதியல் பிணைப்பால் சேர்தல். செராமிக் இதனை நாடுகிறது. மெழுகு இம்மூன்றில் எதிலும் சேராது. அது மேலே தங்கியிருக்கும், அவ்வளவே. தங்குவதற்கு அதற்கு எந்தப் பரப்பும் போதும். ஆனால் அதன்மேல் வேறொன்று பிணைய முடியாது.

ஆகவே இளம் ஆசிரியரின் கேள்விக்கு விடை இது: பிணைவது அடியில், தங்குவது மேலே. முதலில் கழுவுக. பரப்பைத் தடவி, சொரசொரப்பு இருந்தால் களிமண் போன்ற துப்புரவுப் பசையால் நீக்குக. கீறல் உண்மையிலேயே கண்ணை உறுத்தினால் மட்டும், மென்மையான பசையால் துலக்குக. எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்தபின் செராமிக்கையோ பாலிமரையோ பூசுக. இரண்டில் ஒன்று போதும். அது இறுகுவதற்குப் புட்டியில் கூறியுள்ள நேரம் காத்திருக்க. அதன்மேல் மெழுகு பூச விரும்பினால் பூசலாம், நம் வெயிலில் அது சில வாரங்களே நிற்கும், கேடில்லை. மெழுகின்மேல் செராமிக் பூசினால் இரண்டும் வீண். மெழுகின்மேல் மெழுகும் கனத்தை ஏற்றாது. புதுமெழுகின் கரைப்பான் பழையதை இளக்கிவிடும். இரண்டாம் முறை பூசுவதன் பயன், முதல்முறை விட்ட இடத்தை நிரப்புவதே. மும்மடங்குப் பாதுகாப்பு என்பது இல்லை.

பித்தளைப் பாத்திரம் புழங்கிய காலத்தில் ஈயம் பூசுகிறவர் நம் வீட்டு வாயிலுக்கு வருவார். அவர் பாத்திரத்தைத் துலக்குவதற்கும் நவச்சாரம் இட்டுச் சுத்தம் செய்வதற்கும் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். ஈயத்தை ஓட்டிய நேரம் சிறிது. வேடிக்கை பார்த்த சிறுவர்களாகிய எங்களுக்கு வெள்ளி போல் ஒளி பரவும் அந்த ஒரு நொடிதான் கண்ணில் நின்றது. துலக்காத பாத்திரத்தில் ஈயம் பற்றாது என்பதை அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார்.

இளம் ஆசிரியர் மூன்று புட்டிகளையும் பையில் எடுத்து வைத்தார். மறுவாரம் அவர் காரைப் பார்த்தேன். சுத்தமாகக் கழுவியிருந்தது, பூச்சு எதுவும் இல்லை. கேட்டதற்கு, “இன்னும் துலக்கி முடியவில்லை, ஐயா” என்றார்.